திருவாதிரைக்கு எண் போடுவது

அன்புள்ள பேத்திக்கு,

மார்கழித் திருவாதிரை அன்று களி சாப்பிட்ட கையோடு மாடிக்கு வந்து, நிலாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிவப்பு மீனைக் காட்டி, "அது எவ்வளவு பிரகாசம் தாத்தா?" என்று கேட்டாய். அன்று சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

நீ காட்டிய அந்தத் திருவாதிரை ஒரு மாறொளி விண்மீன். அதன் ஒளி கூடும், குறையும். வெறும் கண்ணால் ஒளியை அளக்க முடியாது, ஒப்பிட முடியும். அதற்கு இரண்டு துணை மீன்கள் வேண்டும்: ஒன்று அதைவிடப் பிரகாசம், மற்றது மங்கல். புரோசியானின் ஒளித்தரம் 0.4, ரோகிணிக்கு 0.9. எண் கூடினால் ஒளி குறைவு என்று வைத்துக்கொள்.

பிப்ரவரி நடுவில், இரவு எட்டரை மணி வாக்கில் திருவாதிரை உச்சிக்கு வரும். அப்போது மேற்கே ரோகிணி, கிழக்கே புரோசியான், இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும். அந்த நேரம்தான் தோது. தாழ்ந்து நிற்கும் மீனின் ஒளியைக் காற்று தின்றுவிடும்.

துணை மீன்கள் இரண்டுக்கும் இடையே ஐந்து படிகள் இருப்பதாக நினைத்துக்கொள். திருவாதிரை புரோசியானைவிட இரண்டு படி மங்கல் என்று தோன்றினால், அவற்றின் வித்தியாசமான 0.5இல் ஐந்தில் இரண்டு பங்கு 0.2. அதை 0.4உடன் கூட்டு: 0.6. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் சிவப்பு மீனை உற்றுப் பார்க்கப் பார்க்க அது பிரகாசம் கூடியதுபோல் தெரியும். ஆகவே முறைத்துப் பார்க்காதே. மூன்றையும் மாற்றி மாற்றிச் சட்டென்று பார்.

ஒளித்தரத்தில் ஐந்து தர வித்தியாசம் என்றால் ஒளியில் 100 மடங்கு, ஒரு தரத்துக்கு சுமார் 2.512 மடங்கு. 1856இல் இந்த அளவுகோலை முன்வைத்த நார்மன் போக்சன், 1861இல் நம் சென்னைக்கே வந்து, நுங்கம்பாக்கம் வானாய்வகத்தை 1891இல் இறக்கும்வரை நடத்தினார். அவரிடம் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மீனின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். அந்த வானாய்வகம் இருந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

2020 பிப்ரவரியில் திருவாதிரை 1.6 வரை மங்கியது. வழக்கமான 0.5இலிருந்து 1.1 தரம் இறக்கம். ஒளி மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமாகத்தான் மிஞ்சியது. அந்த மீனே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி, அதன் முகத்தை மறைத்ததே பெரும் காரணம் என்று பின்னால் ஆய்ந்து சொன்னார்கள். உலகெங்கும் மாடிகளில் நின்று எண் குறித்தவர்களின் நோட்டுகளிலும் அந்தச் சரிவு பதிவாகியிருக்கிறது.

தேதி, நேரம், துணை மீன்கள், உன் எண் எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. நானும் அதே இரவு பார்த்துக் குறித்து வைப்பேன். நீ எழுதி முடிக்கும்வரை என் எண்ணைக் கேட்காதே.

அன்புடன்,
தாத்தா