கூடுதல் ஒரு லட்சத்தை எங்கே போடுவது?

அன்புள்ள இளம் கட்டடக் கலைஞருக்கு,

முதல் வீட்டின் எஸ்டிமேட்டைக் கையில் வைத்திருக்கிறீர்கள். வீட்டுக்காரரின் கேள்வி ஒன்றுதான்: "கரண்ட் செலவு குறையும் என்று இவ்வளவு சேர்த்திருக்கிறீர்களே, போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும்?" கடன் வாங்கிக் கட்டுகிற எவரும் கேட்கக்கூடிய, நியாயமான கேள்வி. ஆனால் தளத்தின் வெப்பத்தடுப்பு, ஜன்னல் கண்ணாடி, ஏசி, சோலார் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே விடை சொன்னால், அது எந்த வேலைக்கும் பொருந்தாது.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், கிரானிக்ஸ்டைன் பகுதியில், இயற்பியலாளர் வோல்ஃப்காங் ஃபைஸ்டின் முயற்சியில் 1991-இல் நான்கு வீடுகள் வரிசையாக எழுந்தன. தடித்த வெப்பத்தடுப்பு, மூன்றடுக்குக் கண்ணாடி, காற்றுக் கசியாத சுவர்கள். 'பாசிவ் ஹவுஸ்' என்று பெயர்பெற்ற அந்த முறையில், வீட்டைச் சூடேற்ற ஆகும் வெப்பம் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட்டைத் தாண்டக் கூடாது. தேவை அவ்வளவு சுருங்கிவிட்டால், மூச்சுக்காக உள்ளே அனுப்பும் காற்றைச் சூடாக்கினாலே போதும். தனிச் சூடேற்று ஏற்பாட்டைச் சிறிதாக்கலாம், விட்டுவிடவும் செய்யலாம். சுவரில் கூடுதலாகப் போட்ட பணத்தில் ஒரு பகுதி, வாங்காமல் விட்ட சாதனத்திலேயே திரும்பிவிடுகிறது.

நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கணக்கிடும் முறையைத்தான், அவர்களுடைய பொருள் பட்டியலை அல்ல. சென்னையும் நாகப்பட்டினமும் வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகள். மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்பு எரிசக்தி விதித்தொகுப்பு இத்தகைய பகுதிகளில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. ராத்திரி பகலாக ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் வீட்டுக்கு டபுள் கிளாஸ் விற்பது வீட்டுக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

நம் வீடுகளின் பெரிய எதிரி தலைக்கு மேல் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் உச்சிவெயில் நேர்செங்குத்தாக விழுகிறது. வெறும் கான்கிரீட் தளத்தில், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 3.3 வாட் வெப்பம் கீழே இறங்கும். சம்ஹிதா அனுமதிக்கும் அளவு 1.2. (500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகளை அந்த விதி கட்டுப்படுத்தாது, இருந்தாலும் நல்ல அளவுகோல்.) மாடி மேற்பரப்பு அறையைவிட 25 டிகிரி கூடுதலாகக் காய்ந்து அப்படியே நீடித்தால், ஆயிரம் சதுர அடித் தளத்தின் வழியே ஏறத்தாழ ஏழரை கிலோவாட் வெப்பம் உள்ளே வரும். ஒன்றரை டன் ஏசி வெளியேற்றுவதோ ஐந்து கிலோவாட்டுக்குச் சற்று மேல்தான்.

அந்தத் தளத்தின் மேல் 25 மில்லிமீட்டர் நுரைப்பலகை பதித்தால் 3.3 என்பது 0.9 ஆகிறது. இன்னொரு 25 சேர்த்தால் 0.5. முதல் பலகை தடுத்தது 2.4, இரண்டாவது 0.4 மட்டுமே. முதலாவதுக்குப் போராடுங்கள், இரண்டாவதை வீட்டுக்காரரின் விருப்பத்துக்கு விடுங்கள். முதல் பலகையால் ஏசியின் அளவு குறைந்தால், அல்லது ஓர் அறைக்கு ஏசியே வேண்டாம் என்றானால், அந்தத் தொகையையும் எஸ்டிமேட்டில் கழித்துக் காட்டுங்கள். பலகை, சுர்க்கிக்கும் தட்டோட்டுக்கும் கீழே போக வேண்டியது. ஐந்து வருஷம் கழித்துத் தட்டோட்டை உடைத்துப் போடலாம் என்று நினைத்தால் செலவு எங்கோ போய்விடும். ஃபேனையும் ஏசியையும் எந்த மாதமும் மாற்றலாம். மாற்ற முடியாத வேலைகளுக்கே முதல் பணம் போக வேண்டும்.

இனி கடன் கணக்கு. எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு வாங்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை சுமார் 868 ரூபாய். நமக்கு பில் இரு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் 1,736 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் யூனிட் எப்போதும் மேல் படியிலிருந்துதான் குறையும். இரு மாதத்தில் 1000 யூனிட்டைத் தாண்டும் வீடு, அந்த மேல் படியில் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறது. அங்கே 160 யூனிட் மிச்சமானாலே தவணைக்குச் சரியாகிவிடும். இரண்டு மூன்று ஏசி ஓடும் வீட்டில், தளத்தையும் மேற்குச் சுவரையும் ஒழுங்காகச் செய்தால் கோடை மாதங்களில் அது நடக்கக்கூடியதே. 300 யூனிட்டோடு நிற்கும் வீட்டுக்கோ ஒரு யூனிட் ஐந்து ரூபாய்க்கும் குறைவு. 350 யூனிட்டுக்கு மேல் மிச்சப்படுத்த வேண்டும். அந்த வீட்டின் மொத்தப் பயன்பாடே அவ்வளவு இல்லை.

அப்படியானால் சின்ன வீட்டுக்கு எதுவும் செய்ய வேண்டாமா? இந்த இடத்தில்தான் பில்லை மட்டும் பார்க்கிற கணக்கு ஏமாற்றிவிடுகிறது. ஏசி இல்லாத வீட்டில் பில் குறைவாக இருப்பதற்குக் காரணம், வீடு குளுமையாக இருப்பது அல்ல. வீட்டிலிருப்பவர்கள் வெக்கையைத் தாங்கிக்கொள்வதுதான். பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் இரவில் கக்குகிறது. கைக்குழந்தையும் வயதானவர்களும் அதற்குக் கீழேதான் படுத்திருக்கிறார்கள். அவர்களுடைய தூக்கத்துக்கு எஸ்டிமேட்டில் ஒரு வரி கிடையாது. நீங்களாகத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நல்லவேளையாக, அங்கே பலன் தருகிற வேலைகள் மலிவானவை. மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்கு ஆழமான சன்ஷேடு, முடிந்தால் வெளியே தட்டியோ மரமோ. தெற்குச் சுவருக்குக் கோடையில் அவ்வளவு வெயில் கிடையாது. 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன், தினம் 12 மணி நேரம் ஓடினால் வருஷத்தில் ஏறக்குறைய 200 யூனிட் மிச்சம். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய 'எலிப்பொறி'க் கட்டுமுறையில் செங்கல்லைக் குத்திட்டு நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவார்கள். செங்கல் கால் பங்கு குறைகிறது, அந்த வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கிறது. திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. அந்த முறை பழகிய கொத்தனார் கிடைக்காவிட்டால் மட்டும் பிடிவாதம் வேண்டாம். வெற்றிடத்தைக் கலவையால் அடைத்துவிட்டால் இரண்டு பலனும் போய்விடும்.

சோலாரை இன்றே வாங்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரை உண்டு. வீட்டுக்காரர் கையில் பணம் வரும்போது வாங்கிக்கொள்ளட்டும். தளம் போடுவதற்குள் நீங்கள் முடிக்க வேண்டியவை வேறு. மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு காலிக் குழாய் இறக்கிவையுங்கள். நிழல் விழாத 300 சதுர அடியை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், வைக்கச் சொல்வார்கள். பெரும்பாலான மாதங்களில் பிற்பகலில் அதன் நிழல் வடகிழக்காக நீளும். தொட்டியும் பேனலும் எங்கெங்கே என்பதைத் தளம் போடுவதற்கு முன்பே வீட்டுக்காரரோடும் மேஸ்திரியோடும் மனைக்கே போய் நின்று பேசி முடிவு செய்துவிடுங்கள்.