வெப்சைட் யார் பேருல இருக்கு?

சித்தன்னவாசல் குகை ஓவியங்களைப் பார்க்க வருபவர்கள், கிளம்பும் முன்பே போனில் தேடிவிடுகிறார்கள். அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கடையோ, தங்கும் அறையோ நடத்துகிறீர்களா? வெப்சைட் உதவும். யாரிடம் கொடுப்பது?

"எல்லாம் நாங்களே பாத்துக்கறோம்" என்றதும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். முதலில் கேளுங்கள்: "டொமைன் யார் பேருல பதிவாகும்?" டொமைன்தான் உங்கள் தளத்தின் முகவரி. வடிவமைப்பவர் தன் பெயரில் பதிந்துகொண்டால், நாளைக்கு மனஸ்தாபம் வரும்போது முகவரி அவர் கையில்! 'டாட் இன்' முகவரியை 1 முதல் 10 ஆண்டு வரை பதியலாம். உங்கள் பெயர், மின்னஞ்சல், மொபைல் எண்ணிலேயே பதியச் சொல்லுங்கள். அப்போதுதான் புதுப்பிக்கச் சொல்லும் தகவலும் உங்களுக்கே வரும்.

அடுத்து, அவர் ஏற்கெனவே செய்த 3 தளங்களை உங்கள் போனில் திறந்து பாருங்கள். சீக்கிரம் திறக்கிறதா? தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா? எண்ணைத் தொட்டால் அழைப்பு போகிறதா?

ஆண்டுக்கு என்ன செலவு, பாஸ்வேர்டை எப்போது ஒப்படைப்பார் என்பதை எழுதி வாங்குங்கள். வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள்; ரசீதை பத்திரமா வைங்க. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் சட்டப்படி நுகர்வோர்தான். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.