கணிப்பொறிப் பாடம்: ஃபைல் வந்ததும் ரசீது கொடுங்கள்

நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்கள் பெரும்பாலும் கணிப்பொறி வழியாகவே போகின்றன. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், புகைப்படம் மூன்றையும் ஏற்றிப் பொத்தானை அழுத்துகிறோம். ‘பின்கோடில் ஓர் இலக்கம் குறைகிறது’ என்று பக்கம் திரும்பி வருகிறது. பார்த்தால், ஏற்றிய மூன்றையும் காணோம்! கடைசி நாளில் இப்படி நேர்ந்தால் பிள்ளைக்கு ஒரு வருஷமே வீணாகலாம். இணையதளம் அமைக்கப் பயிலும் நம் இளைஞர்கள் இதற்கான காரணத்தையும் பரிகாரத்தையும் அறிந்துகொள்வது நல்லது.

பெயர், விலாசம் முதலியவற்றைச் சர்வர் பக்கத்தில் மறுபடி நிரப்பித் தரலாம். ஆனால் நம் கணிப்பொறியிலுள்ள ஃபைலைத் தளம் தானாகத் தேர்ந்தெடுக்க பிரவுசர் விடாது. விட்டால் எந்தத் தளமும் நம்மைக் கேளாமலே ஃபைல்களை எடுத்துக்கொள்ளுமே!

சர்வரில் என்ன நடக்கிறது? 2005-ல் வெளிவந்த ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பைப் பார்ப்போம். நாம் வேறாக மாற்றாவிட்டால், 2.5 மெகாபைட் வரையுள்ள ஃபைலை அது நினைவகத்தில் வைக்கும். பெரியதைத் தற்காலிகமாக வட்டில் எழுதும். பதில் அனுப்பியதும் இரண்டும் போய்விடும். நாம் சேமித்தால்தான் உண்டு.

இதற்கு ரயில்வே பார்சல் ஆபீஸ் முறையையே நான் சிபாரிசு செய்வேன். அங்கே சரக்கை எடைபோட்டு வாங்கியதும் ரசீது தருவார்கள். பிறகு ரசீதே பேசும்.

1. ஃபைலைத் தேர்ந்தெடுத்த உடனே, விண்ணப்பத்துக்குக் காத்திராமல் தனியாக அனுப்புங்கள்.

2. சர்வரில் அளவையும் உள்ளடக்கத்தையும் சோதியுங்கள். சரக்கின் மேல் ஒட்டிய சீட்டைப் போன்றதே ஃபைலின் பெயர், அதை நம்பக்கூடாது. உண்மையான பிடிஎஃப் ஃபைலின் தொடக்கத்தில் சதவீதக் குறியும், பி, டி, எஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் இருக்கும்.

3. ஃபைலைச் சேமித்து, ஊகிக்க முடியாத ரசீது எண் கொடுங்கள். அந்த எண் அந்த விண்ணப்பதாரருக்கு மட்டுமே செல்லவேண்டும்.

4. விண்ணப்பத்தோடு எண் மட்டும் போகட்டும். பிழை வந்தாலும் எண் திரும்பி வரும். ஃபைல் பத்திரமாக இருக்கும்.

5. கேட்பாரற்ற ஃபைல்களைக் கெடு வைத்து நீக்குங்கள். இல்லையேல் வட்டு நிரம்பிவிடும்.

பிரவுசரிலும் அளவைச் சோதிக்கலாம். அது பயனாளருக்கு உபகாரம். பாதுகாப்பு ஆகாது, ஏனெனில் அதை மீறி அனுப்புவது எளிது.

பயிற்சி: பின்கோடும் ஒரு ஃபைலும் கேட்கும் சிறு விண்ணப்பம் அமையுங்கள். வேண்டுமென்றே பின்கோடைத் தவறாகக் கொடுங்கள். ஃபைலை மறுபடி கேட்காவிட்டால் உங்கள் வேலை சரி.