மின்னணுக் கலையில் படைப்பாளர்: ஆர்ஸ் எலக்ட்ரானிகா விழாவை முன்வைத்து

ஆஸ்திரியாவின் எஃகு நகரான லின்சில் 1979இல் தொடங்கப்பெற்ற ஆர்ஸ் எலக்ட்ரானிகா, கலை, தொழில்நுட்பம், சமூகம் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராயும் விழாவாகும். முதல் விழாவில் புரூக்னரின் எட்டாம் சிம்பொனி தன்யூப் ஆற்றங்கரைப் பூங்காவில் ஒலிபெருக்கிகள்வழி ஒலித்தது. நகர மக்கள் தம் வானொலிப் பெட்டிகளைச் சன்னல்களில் வைத்து அவ்விசையைத் தெருவெங்கும் பரப்பினர். கேட்போரே நிகழ்த்துவோரும் ஆயினர்.

1987இல் நிறுவப்பெற்ற இவ்விழாவின் தங்க நிக்கா பரிசு, அவ்வாண்டு கணினி அசைவூட்டத்திற்காக ஜான் லாசெட்டருக்கு வழங்கப்பெற்றது. அதே பரிசினை 1999இல் லினக்ஸ் இயங்குதளமும் 2004இல் விக்கிப்பீடியாவும் பெற்றன. இவ்விரண்டும் பலர் கூடி இயற்றுபவை; முற்றுப்பெறாதவை. எனவே, ஒற்றைப் படைப்பாளர், முடிவுற்ற பனுவல் என்னும் அளவுகோல்கள் மின்னணுக் கலைக்குப் போதா என்பது இக்கட்டுரையின் துணிபு. எனினும், லினக்சுக்குரிய பரிசு லினஸ் தோர்வால்ட்சு என்னும் ஒருவர் பெயரிலேயே பதிவாயிற்று. கூட்டுழைப்பை ஏற்ற மேடையும் தனிப்பெயரைத் துறக்கவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.