பழைய லென்ஸைப் பூட்டி வைக்காதீர்கள்

ஃபிலிம் காமிரா என்று ஒன்று இருந்ததையே மறந்துவிட்ட வீடுகளில் அது மறுபடியும் பரணிலிருந்து கீழே இறங்கத் தொடங்கியிருக்கிறது. அண்மைக் காலத்தில் நம் சங்க அன்பர்களின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேராவது, "மாமா, தாத்தாவோட காமிரா கெடச்சுது, இது வேலை செய்யுமா பாருங்கோ" என்று என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பது காமிராவைப் பற்றி. நான் முதலில் கழற்றிப் பார்ப்பது லென்ஸை. ஃபிலிமை இருட்டில் வைத்திருந்து, வேண்டிய கணத்துக்கு மட்டும் திறந்து மூடும் பெட்டிதான் பாடி. அது பழுதானால் அதே வகையில் இன்னொன்று வாங்கிப் பழைய லென்ஸை மாட்டிக்கொள்ளலாம். படத்தை உண்டாக்குவது லென்ஸ். நம் மும்பையின் மழைக்காலத்தில் முதலில் கெடுவதும் லென்ஸ்தான்.

நிக்கான் தன் கடைசி எஸ்.எல்.ஆர். ஃபிலிம் காமிராவான எஃப்6-ஐ 2020-இல் நிறுத்திவிட்டது. ஆகவே இன்று வாங்குவதெல்லாம் அநேகமாகப் பிறர் உபயோகித்த பொருள்தான். மும்பையில் கோட்டைப் பகுதியின் போரா பஜார், டில்லியில் சாந்தினி சௌக், கொல்கத்தாவில் மெட்ரோ சினிமாவை ஒட்டிய சந்து என்று ஊருக்கு ஓர் இடம் இருக்கிறது. ஆனால் கடைக்குப் போகும் முன் உங்கள் பாடியின் வாய் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஜெனித், பிராக்டிகா, பழைய பென்டாக்ஸ் ஆகியவற்றில் லென்ஸைத் திருகி மாட்ட வேண்டும். 42 மி.மீ. குறுக்களவுள்ள மரை, அதனால் எம்42 என்று பெயர். 1975-இல் பென்டாக்ஸ் திருகை விட்டு, சொருகித் திருப்பும் கே மவுன்டுக்கு மாறியது. நிக்கானின் எஃப் மவுன்ட் 1959-இல் வந்தது. கேனானில் 1971-இல் வந்த எஃப்டி வேறு, 1987-இல் வந்த ஈஓஎஸ் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

"ஒரு வளையம் போட்டால் எதுவும் எதிலும் மாட்டும்" என்று கடைக்காரர் சொன்னால் பாதி உண்மை. மவுன்டிலிருந்து ஃபிலிம் வரையிலான தூரம் ஒவ்வொரு வகைக்கும் கணக்காக வைக்கப்பட்டிருக்கிறது. எம்42-க்கும் பென்டாக்ஸ் கே-க்கும் அது ஒரே அளவு, 45.46 மி.மீ. ஆகவே மெல்லிய வளையம் ஒன்றுடன் அந்த லென்ஸ் இதில் சுகமாக உட்காரும். நிக்கானில் அது 46.5 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் 50 மி.மீ. லென்ஸ் அந்த ஒரு மில்லிமீட்டர் முன்னால் தள்ளி நின்றால் சுமார் இரண்டரை மீட்டருக்கு அப்பால் இருக்கும் எதுவும் தெளிவாக விழாது. எதிர்வீட்டு மாடியைக்கூட எடுக்க முடியாது.

நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. 1977-இல் 'ஏஐ' என்ற மாற்றம் வந்தது. அதற்கு முந்திய லென்ஸைப் பிந்திய பாடிகள் சிலவற்றில் அழுத்தித் திருப்பினால் மீட்டருக்கான சின்ன நெம்பு உடைந்துபோகும். மாறாக, வீட்டிலுள்ள டிஜிட்டல் காமிராவின் 'ஜி' வகை லென்ஸில் அப்பர்ச்சர் வளையமே கிடையாது. எஃப்எம்10 போன்ற பாடியில் அதை மாட்டினால் துளை மிகச் சிறியதாகவே நிற்கும்.

எந்த லென்ஸ் வேண்டும்? நம் வீட்டை வைத்தே பார்ப்போம். நவராத்திரிக்கு ஹாலில் கொலு வைத்திருக்கிறீர்கள். மும்பை ஃபிளாட்டில் சுவரோடு ஒட்டி நின்றாலும் படிக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு மீட்டர் கிடைத்தால் பெரிது. அங்கிருந்து 50 மி.மீ. லென்ஸ் பார்க்கும் அகலம் சுமார் 1.4 மீட்டர். ஓரத்து மரப்பாச்சியும் செட்டியாரும் வெட்டுப்பட்டுப் போவார்கள். 28 மி.மீ. லென்ஸானால் இரண்டரை மீட்டர் அகலம். பக்கத்தில் உட்கார்ந்து பாடும் குழந்தையும் படத்தில் வரும். சங்க விழாவில் உங்கள் பெண் மேடையில் ஆடுகிறாள், உங்கள் இருக்கை பத்து மீட்டர் தள்ளி என்றால் 50 மி.மீ. ஏழு மீட்டர் மேடையைக் காட்டும். பெண் தீக்குச்சியாகத் தெரிவாள். 135 மி.மீ. லென்ஸை மாட்டிக் காமிராவை நெட்டாகப் பிடித்தால் கிட்டத்தட்ட 2.7 மீட்டர் உயரம் விழும். தூக்கிய கையோடு முழு உருவமும் அடங்கும். ஆனால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும் என்பதால் ஷட்டரை 1/125-க்குக் கீழே இறக்காதீர்கள்.

ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால், ஜூம் வேண்டாம், 50 மி.மீ. எஃப் 1.8 அல்லது எஃப் 2 வாங்குங்கள் என்பேன். காரணம் வெளிச்சம். ஒரு டியூப்லைட் எரியும் அறையில் 400 ஐ.எஸ்.ஓ. ஃபிலிமுக்கு எஃப் 2-இல் ஏறத்தாழ 1/60 நொடி கிடைக்கும். கையில் பிடித்தே எடுக்கலாம். எஃப்எம்10 உடன் வந்த 35-70 ஜூமை 70-க்கு நீட்டினால் துளை எஃப் 4.8, அதே அறையில் 1/10 நொடியாகிவிடும். ஃபிளாஷ் இல்லாமல் குழந்தையை எடுத்தால் குழந்தைக்குப் பதில் ஓர் ஆவி நிற்கும்.

கடையில் லென்ஸைக் கையில் வாங்கியதும் பெயரைப் படிப்பதற்கு முன் இரு மூடிகளையும் கழற்றுங்கள். சின்ன டார்ச் ஒன்று கொண்டுபோங்கள். துளையை முழுதும் திறந்து, பின்பக்கமிருந்து சாய்வாக ஒளியைப் பாய்ச்சி முன்பக்கம் பாருங்கள். பிறகு திருப்பியும் பாருங்கள். நாலைந்து தூசி எந்த லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. மிகப் பழைய கண்ணாடியில் காற்றுக் குமிழி இருந்தாலும் பாதகமில்லை. சிலந்தி வலை மாதிரி, வேர் விட்ட மாதிரிக் கோடுகள் தெரிந்தால் அது பூசணம். பால் கலந்த நீர் போல மங்கல் தெரிந்தால் உள்ளே எண்ணெய்ப் படலம். முன் கண்ணாடியில் ஒரு கீறல் பெரிய குற்றமில்லை. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்பர்ச்சர் இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது. வெளிச்சம் தப்பாக விழும். ஃபோகஸ் வளையம் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். திருகாணிகளின் தலை நைந்திருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள். கடைசியாகப் பாடியில் மாட்டி, தெருவுக்கு வந்து, தூரத்துக் கட்டடம் ஒன்று முடிவிலிக் குறியில் தெளிகிறதா என்று பாருங்கள்.

பழைய சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 போன்ற சில லென்ஸ்கள் தேநீர் நிறத்துக்கு மஞ்சளாகியிருக்கும். கண்ணாடியில் தோரியம் சேர்த்ததன் விளைவு அது. அழுக்கு என்று துடைக்கத் தொடங்காதீர்கள். சில வாரம் ஜன்னல் வெயில் காட்டினால் பெரும்பாலும் தெளியும். ஒரு பக்கத்தை அலுமினியத் தாளால் மூடி வையுங்கள். மூடாத லென்ஸ் வெயிலில் பூதக்கண்ணாடியாகித் திரைச்சீலையைப் பற்றவைத்துவிடும்.

இனி நம் ஊரின் பெரிய நோய்க்கு வருகிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் ஈரம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்பது சாதாரணம். 60, 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூசணம் வளரும். அதற்கு வேண்டியவை ஈரம், இருட்டு, அசையாத காற்று. இந்த மூன்றையும் நாமே சேர்த்துக் கொடுக்கிறோம். விலை உயர்ந்த பொருள் என்று தோல் உறையில் போட்டு, துணியில் சுற்றி, இரும்பு பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டுகிறோம். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். பூசணத்துக்குச் சோறும் அதுவே. போதாக்குறைக்குப் பக்கத்தில் பாச்சை உருண்டையும் கற்பூரமும். அவற்றின் ஆவி லென்ஸுக்கு ஆகாது என்று காமிராக் கம்பெனிகளின் கையேடுகளே எச்சரிக்கின்றன.

பூசணம் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. அது கக்கும் அமிலம் முதலில் பூச்சை அரிக்கும், பிறகு கண்ணாடியையே அரிக்கும். நண்பர் ஒருவர் 135 மி.மீ. லென்ஸ் ஒன்றைப் பதினைந்து வருடம் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுத்தார். பூசணம் போயிற்று, அதன் வேர்த் தடம் கண்ணாடியில் செதுக்கியது போல அப்படியே நின்றது.

ஆனால் பூசணம் கண்டதும் தூக்கி எறியவும் வேண்டாம். எங்கள் கட்டடத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி ஜெனித் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் 58 மி.மீ. எஃப் 2 ஹீலியோஸ். தாத்தா போன பிறகு யாரும் தொடவில்லை. அவர்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கும் படங்கள் எல்லாம் அதில் எடுத்தவை. அதே லென்ஸில் பாட்டியை எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. லென்ஸின் உள்ளே ஓரத்தில் வலை படர்ந்திருந்தது, நடுப்பகுதி சுத்தம். ஒரு கடையில், "இது செத்துப்போச்சு, வேறே எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார்களாம். முதலில் ஒரு ரோல் போட்டுப் பார் என்றேன். ஜன்னலுக்கு எதிராக எடுத்த படங்களில் வெளுத்த புகை போல இருந்தது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாட்டியை உட்கார வைத்து எடுத்த படங்களில் குறையே தெரியவில்லை. பாட்டியின் மூக்குத்திகூடத் தனியாக மின்னியது. அதற்குப் பிறகுதான் லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்ய அனுப்பினாள். பிரிக்கும்போது கை தவறினால் திரும்பக் கிடைக்காத பொருள் என்பதால் இந்த வரிசைதான் சரி.

வைப்பதற்கு ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ளே சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும் வையுங்கள். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்கட்டும். அதற்கும் கீழே போனால் உள்ளிருக்கும் மசகு உலரும். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறட்டினால் மறுபடி உதவும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். ஜெல்லுக்குப் பதில் அரிசி போடலாமே என்று வீட்டில் சொல்வார்கள். அரிசி மாவு தூசியாக வளையங்களுக்குள் புகும். மாதம் இரண்டு முறையாவது டப்பாவைத் திறந்து, வளையங்களைச் சுற்றி, பத்துப் படமாவது எடுங்கள். வாராவாரம் வெளியே போகும் லென்ஸில் நான் பூசணம் பார்த்தது அபூர்வம்.

துடைப்பது கடைசி வேலை. முதலில் ஊதுபந்தால் ஊதி, மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, கைரேகை இருந்தால் மட்டும் லென்ஸ் தாளில் இரண்டு சொட்டுத் திரவம் விட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடையுங்கள். திரவத்தை நேரே கண்ணாடியில் ஊற்றினால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும். வேட்டி நுனி, சட்டை முனை ஆகாது. விபூதி இட்ட கையோடு லென்ஸைத் தொடுவதும் மணல்தாளால் தேய்ப்பதும் ஒன்றே. ஏ.சி. அறையிலிருந்து வெளியே வரும்போது காமிராவைப் பையிலேயே அரை மணி வைத்திருந்தால் கண்ணாடி வேர்க்காது.

புதிதாக வாங்கிய லென்ஸுக்கு முதல் ரோல் பரீட்சை ரோல். ஒவ்வொரு படத்துக்கும் துளை, ஷட்டர், வெளிச்சம் வந்த திசை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஒரே காட்சியை எஃப் 2, 4, 8 என்று எடுத்தால் அந்த லென்ஸ் எங்கே கூர்மை பெறுகிறது என்று தெரியும். கழுவக் கொடுக்கும்போதே நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைக் கழித்துவிடும் கடைகள் இப்போது இருக்கின்றன.