ஆய்வுக்கூடச் சுண்டெலியும் கொல்லாமையும்

நம் இல்லங்களிலிருந்து உயிரியல் பயிலச் செல்லும் பிள்ளைகள் பலர். பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் மரபணு மாற்றிய சுண்டெலி எவ்வாறு உருவாக்கப்படுகிறது என்பதைப் பெற்றோராகிய நாமும் அறிதல் நலம். அறியாது பழித்தலும் அறியாது புகழ்தலும் நன்ஞானம் ஆகா.

ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தால், உடலில் அது ஆற்றும் பணி புலனாகும். 1981இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவான்சும் மேத்யூ காஃப்மனும் சுண்டெலிக் கருவின் மூல உயிரணுக்களைப் பிரித்து வளர்த்தனர். குறித்த மரபணுவை மட்டும் மாற்றும் வழியை அமெரிக்காவில் மரியோ கபெச்சியும் ஆலிவர் ஸ்மித்தீசும் கண்டனர். எவான்ஸ், கபெச்சி, ஸ்மித்தீஸ் மூவரும் 2007இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றனர்.

மாற்றிய மூல உயிரணுக்களை இளங்கருவினுள் செலுத்தி, அக்கருவை வேறொரு பெண் சுண்டெலியின் கருப்பையில் இடுவர். பிறக்கும் குட்டியின் உடலில் இருவகை உயிரணுக்களும் கலந்திருக்கும். அதன் வழிவந்தவற்றுள், ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் மாற்றத்தைப் பெற்ற ஆணையும் பெண்ணையும் இணைப்பர். மெண்டல் விதிப்படி, இருபுறமும் மாற்றம் பெறும் குட்டி சராசரியாக நான்கில் ஒன்றே. ஏனையவற்றுள் பல, வேண்டாதவை எனக் கொல்லப்படுகின்றன. ஆய்வு தொடங்குமுன்பே உயிர்கள் மடிகின்றன என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நம் முன்னோர் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பகுத்தனர். கருதிச் செய்வது, இல்லப் பணியில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என்பன அவற்றின் பொருள். ஆய்வுக்கூடச் சாவு தொழிலில் நேர்வதே எனச் சிலர் கூறலாம். உழவன் ஏரின்கீழ்ப் புழு மடிவது அவன் நோக்கமன்று; இங்கோ சாவு முன்னரே திட்டமிடப்படுகிறது. ஆதலின் இதனைச் சங்கல்பி என்றே நாம் கருதுகிறோம். எனினும், அத்தகைய ஆய்வுகளின் வழிவந்த மருந்தை நோயுற்றபோது நாமும் உண்கிறோம். ஆகவே பிறரைப் பழித்து ஒதுங்குதல் நமக்குத் தகாது. இம்சையைக் குறைக்க முயல்வதே கடன்.

அதற்கு வழியுண்டு. மாற்றுவழி காணல், எண்ணிக்கை குறைத்தல், துன்பம் தணித்தல் என்னும் மூன்று நெறிகளை ரசல், பர்ச் என்னும் இங்கிலாந்து அறிஞர் இருவர் 1959இல் வகுத்தனர். 1972 முதல் சுண்டெலிக் கருவை உறையவைத்துக் காக்க இயல்கிறது. ஓர் இனத்தை வீணே தலைமுறைதோறும் பெருக்க வேண்டுவதில்லை. 2013இல் வந்த கிரிஸ்பர் முறை, கருவுற்ற முட்டையிலேயே மாற்றம் செய்து இடைத் தலைமுறைகளைக் குறைத்தது. ஆயினும் முட்டைக்காகத் தாய்ச் சுண்டெலிகள் கொல்லப்படுகின்றன. முறை எளிதாவதால் புதிய இனங்கள் பெருகவும் கூடும்.

எனவே ஆய்வுக்கூடம் புகும் பிள்ளைக்கு மூன்று வினாக்களைக் கற்பிப்போம். உயிரை வதைக்காமல் இதற்கு விடை காண இயலுமா? இயலாதெனில், எத்தனை உயிர்களோடு நிறுத்தலாம்? அவற்றின் துன்பத்தைத் தணிப்பவர் யார்? இவற்றைப் பணிவோடும் அஞ்சாமலும் கேட்கும் மாணவன், அங்கும் கொல்லாமை நோன்பைக் காப்பவனே.