அப்பா வீட்டுக்கு வரும்போது

வண்ணார்பேட்டை

அன்பு மகனுக்கு,

பெரியம்மா எழுதுவது. வெள்ளிக்கிழமை அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று உன் அம்மா சொன்னாள். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் அங்கே நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. நரம்பியல் வார்டில் நர்சாக இருந்து ரிட்டயரானவள் சொல்கிறேன், நிதானமாகப் படி.

மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கிற ஊசியை ஏன் போடவில்லை என்று கேட்டாய். அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆள் கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நிமிஷத்திலிருந்துதான் அந்தக் கணக்கு தொடங்கும். அப்பா ராத்திரி பத்து மணிக்கு நல்லபடியாகப் படுத்தார். காலை ஐந்து மணிக்கு எழும்போதே வலது கையும் காலும் விழுந்திருந்தன. நடுவில் எப்போது அடைத்தது என்று யாருக்குத் தெரியும்? நேரம் கடந்து போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிகிற ஆபத்து கூடும். அவசரமாக சி.டி. ஸ்கேன் எடுத்ததற்கும் காரணம் உண்டு. பெரும்பாலோருக்கு ரத்தக்குழாய் அடைத்து வாதம் வருகிறது, சிலருக்குக் குழாய் வெடித்து வருகிறது. வெளியே இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வெடித்தவருக்கு அந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர்கள் மேல் வருத்தம் வேண்டாம்.

போன மாதம் அப்பா கையிலிருந்து டீத் தம்ளர் நழுவி, பத்து நிமிஷம் நாக்குக் குழறி, பிறகு சரியாகிவிட்டதாம். பித்தம் என்று விட்டுவிட்டார்கள். அதுவும் இதே அடைப்புதான், தானே விலகிவிட்டது. தானாகச் சரியானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். இதை அம்மாவிடம் கிளறாதே, அவள் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறாள். நீ மட்டும் தெரிந்துகொள். வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்றும் கேட்டாய். இல்லை ராசா. மூளையின் இடப்பக்கம்தான் உடம்பின் வலப்பக்கத்தை ஆள்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அந்தப் பக்கத்தில்தான். அதனால் வலது கை விழும்போது பலருக்குப் பேச்சும் சேர்ந்து போகிறது. தண்ணீர் கேட்க நினைத்து ‘சாவி’ என்கிறார். அவருக்குத் தாகம் தெரிகிறது, தம்ளர் தெரிகிறது, நீ யார் என்று தெரிகிறது. அவற்றுக்கான சொல்லை எடுத்துக் கொடுக்கிற இடம் அடிபட்டிருக்கிறது. தப்பான சொல் வந்துவிட்டது என்பதும் அவருக்குத் தெரிகிறது, அதனால்தான் அந்த அழுகை. ‘இனி இவர் அவ்வளவுதான்’ என்று அவர் காதுபட யாரையும் பேச விடாதே. 1984இல் எம்.ஜி.ஆருக்கு வாதம் வந்தது. அமெரிக்காவில் சிகிச்சை முடிந்து 1985 பிப்ரவரியில் திரும்பினார். பேச்சு பழையபடி தெளியவே இல்லை. ஆனாலும் 1987 டிசம்பரில் இறக்கும்வரை அவர்தான் முதலமைச்சர்.

அவரிடம் பேசும்போது டி.வி.யை நிறுத்திவிடு. ஒரு நேரத்தில் ஒருவர் பேசினால் போதும். என்ன வேண்டும் என்று கேட்காமல் டீயையும் காபியையும் காட்டி இதா, அதா என்று கேள். பதிலுக்குக் காத்திரு, நீயே சொல்லி முடிக்காதே. காலையில் அவர் கேட்கிற கந்த சஷ்டி கவசத்தைப் போட்டுவிடு. பேச்சாக வராத சொல் சிலருக்குப் பாட்டாக வரும், வார்டிலேயே பார்த்திருக்கிறேன்.

விழுந்த கையைப் பிடித்து ஒருபோதும் தூக்காதே. தோள்மூட்டைத் தாங்குகிற தசை தளர்ந்து கிடக்கும். இழுத்தால் மூட்டு நழுவும், அந்த வலி வந்தபின் பயிற்சி என்றாலே பயப்படுவார். இடுப்பில் கை கொடுத்து எழுப்பு. உட்காரும்போது அந்தக் கைக்கு அடியில் தலையணை வை. சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழை, கழற்றும்போது நல்ல கையை முதலில் எடு. சாப்பாடு நிமிர்ந்து உட்கார வைத்துத்தான். வெறும் தண்ணீர் சட்டென்று புரையேறும், கெட்டியான கஞ்சி பத்திரம். இருமினாலோ, குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டாலோ நிறுத்திவிடு. நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வந்துவிடும்.

புறா ரத்தம் தடவச் சொல்லி ஆட்கள் வருவார்கள். கோளாறு மூளையில் இருக்க, தோலில் எதைத் தடவி என்ன பயன்? அதை நம்பிக் காலத்தைக் கடத்துவதுதான் பெரிய கேடு. கை கால் வேகமாகத் திரும்புவது முதல் சில மாதங்களில்தான். பயிற்சிக்காக உங்கள் சேரன்மாதேவி வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தினமும் அலைய முடியாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. கிராம சுகாதார செவிலியரிடம் இப்போதே சொல்லி வை. பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கத் தருகிற மாத்திரையையும் டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் குறையட்டும். பீடியை அடியோடு விடட்டும்.

அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததே ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை அவருக்கு வலியும் இல்லை, மயக்கமும் இல்லை. உனக்கு வயது முப்பத்தைந்து, ராத்திரி ஷிப்ட் வேலை, அவருடைய பிள்ளை வேறு. பெங்களூருக்கு ரயில் ஏறுமுன் இங்கே வந்துவிட்டுப் போ. பிரஷர் பார்க்கிற கருவி வீட்டில் இருக்கிறது. 140க்கு 90ஐத் தாண்டினால் அன்றைக்கே உன்னை டாக்டரிடம் கூட்டிப்போவேன்.

அன்புடன்,
பெரியம்மா